20 இன்ச் சக்கரத்தில் ஏலகிரி ஏறலாம்: கியர், ஏற்றம், இறக்கம்

ஃபோல்டிங் சைக்கிளைப் பார்த்ததும் பத்தில் எட்டுப் பேர் கேட்கிற கேள்வி, "இந்தக் குட்டிச் சக்கரத்துல மேடு ஏறுமா?" ஏறும், தாராளமாக ஏறும், ஆனால் கடையில் வாங்கிய கோலத்திலேயே மலைக்குக் கொண்டுபோனால் முழங்கால் போய்விடும். காரணம் கியர். சக்கரத்தின் மேல் பழி போட ஒன்றும் இல்லை. 1962-ல் இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்ட்டன் 16 இன்ச் சக்கரத்தோடு ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தபோதும் எல்லாரும் இதே சந்தேகத்தைத்தான் கிளப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜான் உட்பர்ன் அந்த சைக்கிளில் கார்டிஃபிலிருந்து லண்டன் வரை ஓட்டி அந்தத் தடத்தின் சாதனையையே முறியடித்தார். நமக்கு சாதனையெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானமாக ஒரு மலை ஏறி, இட்லி சாப்பிட்டு, பத்திரமாக இறங்கி வந்தால் போதும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 40-406 என்று இருந்தால், 40 டயரின் அகலம், 406 ரிம்மின் அளவு, இரண்டும் மில்லிமீட்டரில். "20 இன்ச்" என்ற ஒரே பெயரில் 406, 451 என்று இரண்டு அளவுகள் விற்கின்றன, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 451 கொஞ்சம் ஒல்லி, வேகக்காரர்களுக்கு. நம் ஊருக்கு 406தான் சரி, ஏனென்றால் பிள்ளைகள் ஓட்டும் 20 இன்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் அதே அளவுதான் இருக்கிறது, வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ டியூப் கிழிந்தால்கூட எந்த சைக்கிள் கடையிலும் ஒன்று கிடைத்துவிடும். 16 இன்ச்சிலும் இதே குழப்பம் உண்டு: பிராம்ப்டன் என்ற ஃபோல்டிங் சைக்கிளில் 349, பிள்ளைகள் சைக்கிளில் 305. மடிப்பதற்கு 16 வசதி, பள்ளங்களுக்கு 20 நல்லது. மலை ஆசை இருப்பவர்கள் 20-லேயே நில்லுங்கள்.

டயர் அகலம் ஒன்றரை இன்ச்சுக்குக் குறைய வேண்டாம். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கும், அந்த அடியை வாங்கிக்கொள்ளக் காற்று வேண்டும். காற்றின் அளவே குறைவு என்பதால் சீக்கிரம் இறங்கியும் போகும், வாரம் ஒருமுறை அடித்துவிடுங்கள். பெரும்பாலான ஃபோல்டிங் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிள் வால்வ்தான், பெட்ரோல் பங்கில் அடிக்கலாம், ஆனால் அங்கே ஸ்கூட்டர் கணக்கில் முப்பது சொச்சம் பிஎஸ்ஐ வைப்பார்கள், நமக்கு 50-லிருந்து 65 வரை வேண்டியிருக்கும். சொந்தமாக ஒரு பம்ப் வாங்கிவிடுங்கள். டயரில் அச்சடித்திருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள்.

சரி, கியருக்கு வருவோம். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுக்கலாம். சக்கரத்தின் விட்டத்தை இன்ச்சில் எடுத்துக்கொள்ளுங்கள், 406-ல் ஒன்றரை இன்ச் டயர் போட்டால் அது சுமார் 19. அதை முன்னால் இருக்கும் செயின்வீலின் பற்களால் பெருக்கி, பின்னால் ஃப்ரீவீலில், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கில், செயின் ஓடுகிற பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவது கியர் இன்ச். எண் சிறிதாக இருந்தால் மிதிக்க லேசு, பெரிதாக இருந்தால் கனம். 20 இன்ச் ஃபோல்டிங் சைக்கிள்களில் ரொம்ப சாதாரணமாக வருவது முன்னால் 52 பல், பின்னால் 7 கியர், 14-லிருந்து 28 வரை. மிக லேசான கியர் 19 பெருக்கல் 52 வகுத்தல் 28, அதாவது 35. சென்னையின் மேம்பாலங்களுக்கு இது போதும். மலைக்குப் போதாது.

ஏன் போதாது? 35 கியர் இன்ச்சில் பெடலை நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் சைக்கிள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 60-க்குக் கீழே சுற்றும்போது ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும். ஆக அந்தக் கியர் உங்களை 10 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறச் சொல்கிறது. சைக்கிள், ஆள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள், 7 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு கிட்டத்தட்ட 190 வாட் உழைப்பு வேண்டும், அதையும் ஒரு மணி நேரம் விடாமல். பயிற்சி எடுக்கிறவர்கள் செய்வார்கள், வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது கொடுமை. அதே ஏற்றத்தில் மணிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போனால் 130 வாட் போதும். லேசான கியர் வேண்டும் என்பதற்கு அர்த்தம் இதுதான்: மெதுவாகப் போக உங்களுக்கு அனுமதி கிடைக்கிறது.

இதற்கு இரண்டு வழி. சுலபமானது ஃப்ரீவீலை மாற்றுவது. கொஞ்சம் பெரிய சைக்கிள் கடையில் "அண்ணே, 7 ஸ்பீடு மெகா ரேஞ்ச் ஃப்ரீவீல், 14-34 இருக்கா?" என்று கேளுங்கள். கடைசிப் பல்சக்கரம் மட்டும் திடீரென்று பெரிதாக, 34 பல்லோடு இருக்கும். 35 கியர் இன்ச் உடனே 29 ஆகிவிடும். செயின் நீளம் போதுமா, பின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் கருவி) அந்தப் பல்சக்கரத்தை எட்டுமா என்று ஸ்டாண்டில் தூக்கிவைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது வழி முன்னால் இருக்கும் 52 பல் செயின்வீலை 42 ஆக மாற்றுவது, கிராங்க்கில், அதாவது பெடல் மாட்டும் தண்டில், போல்ட் போட்ட செயின்வீல் என்றால் முடியும், ரிவெட் அடித்தது என்றால் கிராங்க்கையே மாற்ற வேண்டும். இரண்டையும் செய்தால் 19 பெருக்கல் 42 வகுத்தல் 34, ஏறக்குறைய 23.5. இந்தக் கியரில்தான் 60 சுற்றுக்கு மணிக்கு 7 கிலோமீட்டருக்குக் கீழே போக முடியும். வேகக் கியர் போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 42-க்கு 14 போட்டாலும் நிமிடத்துக்கு 80 சுற்றில் மணிக்கு 22 கிலோமீட்டர் வரும். ஜாலியாக ஓட்ட அதற்கு மேல் எதற்கு?

ஹப் கியர், அதாவது பின்சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே இருக்கும் கியர், வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் 3 ஸ்பீடு ஹப்பில் முதல் கியர் நடுக் கியரின் முக்கால் பங்கு, அதனால் பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். ஆனால் சேற்றிலும் மழையிலும் ஹப் கியரை அடிக்க ஆளில்லை. சின்னச் சக்கரத்தில் டீரெய்லர் தரைக்கு மிக அருகில் தொங்குவதால் புழுதியெல்லாம் அதில்தான் ஒட்டும், செயினை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.

உட்காரும் உயரத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். சக்கரம் சின்னது என்பதால் சீட்டையும் கீழே வைக்க வேண்டியதில்லை. பெரிய சைக்கிளில் பெடலுக்கும் சீட்டுக்கும் எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் இங்கேயும். குதிகாலைப் பெடலில் வைத்து அடியில் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும், பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும், அதுதான் சரியான உயரம். சீட்டுக் கம்பியில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால் மடித்து விரிக்கும்போதெல்லாம் தேட வேண்டாம். கம்பியில் குறைந்தபட்சம் உள்ளே போக வேண்டிய அளவுக்கு ஒரு குறி இருக்கும், அது வெளியே தெரியவே கூடாது.

மலைக்கு முன் பக்கத்தில் எங்காவது பழகுங்கள். சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை இருக்கிறது, 300 அடி உயரம்தான், மேலே தேவாலயம் வரை தார்ச்சாலை போகிறது. அதிகாலையில் போய் இரண்டு முறை ஏறி இறங்கினால் எந்தக் கியரில் மூச்சு வாங்குகிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது எல்லாம் தெரிந்துவிடும்.

ஏலகிரியை நான் சொல்வதற்குக் காரணம், சின்னச் சக்கரத்தின் முதல் மலையாக அதைவிடப் பொருத்தமானது பக்கத்தில் இல்லை. ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர், பொன்னேரி தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கும், 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் வைத்திருக்கிறார்கள், திருவள்ளுவர், கம்பர், ஔவையார், பாரி, ஓரி, பேகன் என்று பலகைகளைப் படித்துக்கொண்டே ஏறுவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இன்னும் எத்தனை மிச்சம் என்பதும் தெரிந்துகொண்டே வரும். ரயிலில் மடித்து ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றியோ பையில் போட்டோ கொண்டுபோங்கள், செயின் கிரீஸ் யார் வேட்டியிலும் படக் கூடாது. கூட்டமில்லாத வண்டியாகப் பாருங்கள்.

ஜோலார்பேட்டையில் விரித்ததும் மூன்று இடங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள்: நடு மடிப்பின் பூட்டு, ஹேண்டில் கம்பியின் பூட்டு, சீட்டுக் கிளாம்ப். பிறகு முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எங்காவது டக் டக் என்று ஆடினால் பூட்டை இறுக்காமல் ஏறவே ஏறாதீர்கள். இதில் சோம்பேறித்தனத்துக்கு இடமே கிடையாது.

ஏறும்போது எழுந்து நின்று மிதிக்காதீர்கள். ஃபோல்டிங் சைக்கிளின் ஹேண்டில் கம்பி நீளமானது, எழுந்து நின்று இழுத்தால் வளைந்து ஆடும், உங்கள் பலம் அதிலேயே வீணாகும், பூட்டுக்கும் நல்லதில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே, நுனிக்குக் கொஞ்சம் நகர்ந்து, முழங்கையை மடக்கி முன்னால் சாய்ந்து சுற்றுங்கள். பின்னால் சாய்ந்தால் செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் தூக்கும். அதனால்தான் பையையும் பின் கேரியரில் கட்டாமல் முன்னால் மாட்டச் சொல்கிறேன், ஃபிரேமின் கழுத்தில் மாட்டுகிற பை என்றால் ஹேண்டில் திரும்பும்போது பை கூடத் திரும்பாது.

வளைவுகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் இடது பக்கம் போகிறவர்கள். இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நீங்கள் வளைவின் உள்பக்கம் மாட்டுவீர்கள், அங்கே ஏற்றம் சட்டென்று செங்குத்தாகும், அதனால் வளைவு வருவதற்கு முன்பே, காலில் அழுத்தம் குறைவாக இருக்கும்போதே லேசான கியருக்கு வந்துவிடுங்கள், அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். வலது பக்கம் திரும்பும்போது நீங்கள் வெளிப்பக்கம், தூரம் அதிகம், ஏற்றம் குறைவு. அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பேருந்து ஹாரன் கேட்டால் ஓரமாக நின்றுவிடுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பக்கத்தில் வருகிறவரோடு வாக்கியம் வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒற்றைச் சொல்லாகப் பதில் வர ஆரம்பித்தால் இறங்கித் தண்ணீர் குடியுங்கள். குரங்குகள் இருக்கும், வாழைப்பழத்தைப் பைக்கு உள்ளே வையுங்கள்.

கிளம்பும் நேரம் விடியற்காலை. ஏப்ரல், மே வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் ஏறுவது உடம்புக்கு ஆபத்து. இரண்டு பாட்டில் தண்ணீர், அதில் ஒன்றில் உப்பும் எலுமிச்சையும். சாதாரண அரைக்கால் சட்டை, டீ சர்ட் போதும். ஹெல்மெட் மட்டும் கட்டாயம். கருவிகளில் ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்பு, பம்ப், ஆலன் கீ, அப்புறம் 15 நம்பர் ஸ்பானர். பல ஃபோல்டிங் சைக்கிள்களில் பின்சக்கரம் நட்டுப் போட்டதுதான், அந்த ஸ்பானர் இல்லாவிட்டால் டியூப் கையில் இருந்தும் மாற்ற வழியில்லை.

இறக்கத்துக்குத்தான் ஏற்றத்தைவிட அதிகக் கவனம் வேண்டும். சின்னச் சக்கரத்தில் ரிம்மும் சின்னது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் உண்டாகும் சூடு அந்தக் கொஞ்ச உலோகத்திலேயே தங்கும், நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் டியூப் வெடிக்கும் அளவுக்குச் சூடு ஏறலாம். அதனால் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். நேரான பகுதியில் விட்டு, வளைவுக்கு முன் நன்றாக இரண்டையும் பிடித்து வேகத்தைக் கொன்று, மறுபடி விடுங்கள். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை ஓரத்தில் நிறுத்தி ஆற விடுங்கள், அப்போது ரிம்மைத் தொடாதீர்கள், சுடும். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடிக்கக் கூடாது, சக்கரங்களுக்கு நடுவே தூரம் குறைவு, சீட்டு உயரம், தலைகுப்புறப் போக நேரமாகாது. உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, இரண்டு கையும் ஹேண்டிலில், பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில். வேகம் 25-க்குள் இருக்கட்டும். இந்தச் சக்கரம் ஹேண்டிலுக்கு உடனுக்குடன் திரும்பும், சென்னைச் சந்தில் அது வரம், இறக்கத்தில் ஒரு தும்மல் வந்தாலே தடம் மாறும். கீழிருந்து ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், மலைச்சாலையின் விதி அது.

கீழே வந்ததும் பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், கட்டையில் இருக்கும் பள்ளக் கோடு மறைந்திருந்தால் அடுத்த மலைக்கு முன் மாற்றிவிடுங்கள். அடுத்த மலை எது என்றால், சேலத்திலிருந்து ஏற்காடு, 20 கொண்டை ஊசிகள், 23.5 கியர் இன்ச்சில் நிதானமாக ஏறலாம். கொல்லிமலையின் 70 வளைவுகளை ரிம் பிரேக் சின்னச் சக்கரத்தில் இறங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கே போக ஆசை என்றால் ஏறுங்கள், இறங்கும்போது மடித்துப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள்.