பிரான்ஸில் ஒரு வாரம், ஒயினும் சாப்பாடுமாக: திட்டம் போடும்போதே செய்துவிடும் தவறுகள்

ஏழு நாள் பிரான்ஸ் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பாரிஸில் இரண்டு நாள், ஷாம்பேனுக்கு ஒரு பகல், ஸ்ட்ராஸ்பூர்க், அங்கிருந்து பர்கண்டி, கடைசியில் போர்தோ. வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் பர்கண்டி ஒயின் வட்டாரத்தின் நடுவில் இருக்கும் போன் நகரத்திலிருந்து (தொலைபேசி இல்லை, ஊர் பெயரே அதுதான்) போர்தோவுக்குச் சாலை வழியே 600 கிலோமீட்டருக்கு மேல். ரயில் என்றால் பாரிஸ் திரும்பி, ஊருக்குள்ளேயே ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். பெட்டியை இழுப்பதிலேயே ஒரு பகல் போய்விடும். அன்று சாப்பாடு, ரயிலில் வாங்கிய சாண்ட்விச்.

ஒரு வாரத்துக்கு ஒரு வட்டாரம் போதும். பக்கத்து வட்டாரம் ஒன்றைத் தொட்டுக்கொள்ளலாம். கீழே வரும் தவறுகளுக்கு டிஜோன், போன், லியோன் என்று தெற்கே இறங்கும் பாதையை உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிட வசதியான பாதை கிடைப்பது கடினம். பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் சொச்சம். டிஜோனிலிருந்து போனுக்கு உள்ளூர் ரயிலில் அரை மணி கூட ஆகாது. போனிலிருந்து லியோனுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். திரும்பும்போது லியோனிலிருந்து பாரிஸின் ஷார்ல் து கோல் விமான நிலையத்துக்கே நேரடி ரயில் உண்டு. பாரிஸுக்குள் நுழையவே வேண்டாம். அதிவேக ரயில் டிக்கெட் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அதை முன்கூட்டியே எடுங்கள். உள்ளூர் ரயிலுக்கு அந்த அவசரம் இல்லை.

கிழமை பார்க்காமல் டிக்கெட் எடுப்பது

விமானக் கட்டணம் எந்த நாளில் குறைவோ அந்த நாளில் கிளம்புவது நம் வழக்கம். சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிழமையை. பிரெஞ்சுச் சிற்றூர்களில் ஞாயிறு இரவும் திங்களும் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும். லியோனின் பூஷோன் எனப்படும் பழைய பாணிச் சாப்பாட்டுக் கடைகள் பலவும் அப்படியே. ஒயின் தயாரிப்பாளர்கள் ஞாயிறன்று வீட்டில் இருப்பார்கள், ஒயின் வைத்திருக்கும் நிலவறை திறக்காது. சனிக்கிழமை வந்திறங்கினால், மறுநாள் இரவு பெட்ரோல் பங்க் பிஸ்கட்தான் என்று ஆகலாம்.

புதன் தொடங்கிப் புதனில் முடியும் வாரம் நன்றாகப் பொருந்தும். புதன் மாலை டிஜோன் சேருங்கள். அங்குள்ள கூரையிட்ட சந்தை செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி காலைகளில் நடக்கும்; வியாழன் காலை அதைப் பார்த்துவிட்டு மதியம் போன் போய்விடலாம். வெள்ளி ஒயின் நிலவறைகளுக்கு. சனி காலை போன் நகரத்தின் பெரிய சந்தை. ஞாயிறு மதியம் குடும்பங்கள் ஒன்றுகூடிச் சாப்பிடும் வேளை, அதற்குத் திறந்திருக்கும் இடத்தில் மேசை பதிந்துவிடுங்கள். இரவுக்குச் சந்தையில் வாங்கிய பாலாடைக்கட்டியும் ரொட்டியும். திங்கள் என்ன செய்வது? கையில் கார் இருந்தால் லூவான் என்ற ஊருக்குப் போங்கள். திங்கள் காலைதோறும் அங்கே கோழிச் சந்தை. 1957 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்ற பிரெஸ் கோழி, வெள்ளை இறகும் நீலக் காலுமாக, உயிரோடு கூண்டில் விலைபோகும். கார் இல்லையென்றால் திங்களை லியோன் பயணத்துக்கு வைத்துக்கொண்டு, செவ்வாயை அங்கே செலவிடுங்கள்.

நேரமும் அப்படித்தான். மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கும். ஒன்றரை தாண்டிப் போய் நின்றால் சமையலறை மூடிவிட்டதாகச் சொல்வார்கள். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன் இல்லை. நடுவில் பசித்தால் ‘செர்வீஸ் கோன்தின்யூ’ என்று எழுதிப்போட்டிருக்கும் கடையைத் தேடுங்கள், அங்கே இடைவெளியில்லாமல் பரிமாறுவார்கள். நிலவறைகளும் கடைகளும் 12 முதல் 2 வரை அடைப்பு. சிற்றூர்களில் கார் வாடகை அலுவலகமும் அதே கணக்கு. ஞாயிறன்று திறக்கவே திறக்காது.

மாதத்திலும் பொறி உண்டு. ஆகஸ்டில் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை திராட்சை அறுவடை. தோட்டம் பார்க்க அழகாக இருக்கும், உங்களை உட்காரவைத்து ஊற்றிக் கொடுக்க ஆள் இருக்காது. நம் ஊரில் நடவு நாளில் போய்ப் பண்ணையைச் சுற்றிக்காட்டச் சொல்வது போல. நவம்பர் மூன்றாம் ஞாயிறு போன் நகரத்தில் பழைய தர்ம மருத்துவமனையின் ஒயின் ஏலம். 1443இல் தொடங்கிய மருத்துவமனை அது. அந்த வார இறுதியில் அறை கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. மே மாதத்தில் 1, 8 தேதிகளும் கிறிஸ்தவ விடுமுறைகளும் அடுத்தடுத்து வரும். ஜூன் அல்லது அக்டோபர் முதல் பாதி நல்லது.

விசாவை இங்கேயே சொல்லிவிடலாம். ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளையே முதலில் பதியுங்கள்.

நிலவறைக் கதவைத் தட்டிப் பார்ப்பது

பர்கண்டியில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள், அங்கே சொல்வதுபோல் ‘தொமேன்’கள், சில ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்கள். வாசலில் வரவேற்பாளர் கிடையாது. முன்பதிவு இல்லாமல் போனால், டிராக்டரில் இருந்து இறங்கி வந்தவர் மரியாதையாகக் கையை விரிப்பார். நான்கு முதல் ஆறு வாரம் முன்பு மின்னஞ்சல் எழுதுங்கள். எத்தனை பேர், எந்த நாள், காலையா மாலையா, ஆங்கிலம் போதுமா என்று நான்கு வரியில் கேளுங்கள். வர முடியாவிட்டால் கட்டாயம் தெரிவியுங்கள். உங்களுக்காக ஒருவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருப்பார்.

ஒரு நாளுக்கு இரண்டு இடம். பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. ஐந்து இடம் என்று அடுக்கினால் மூன்றாவதிலேயே நாக்கு மரத்துவிடும். சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். ஒயினில் பாதி வாசனைதான், உங்கள் மல்லிகை அத்தர் அடுத்தவர் கோப்பையையும் கெடுக்கும். கோடையிலும் ஒரு மேல்சட்டை வேண்டும், நிலவறைக்குள் 12, 13 டிகிரிதான் இருக்கும். சிவப்பை முதலில் ஊற்றி வெள்ளையை அப்புறம் கொடுத்தால் திகைக்க வேண்டாம், அங்கே அது வழக்கம். பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி ஊற்றினால், மிச்சத்தை எங்கே விடுவது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலர் அதைத் திரும்பப் பீப்பாயிலேயே ஊற்றுவார்கள், கீழே கொட்டினால் மனம் வெதும்புவார்கள். ருசிபார்க்கக் கட்டணம் வாங்காத இடமாக இருந்தால் ஒரு பாட்டிலாவது வாங்குவது முறை.

துப்புவது கேவலம் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. கணக்கைப் பாருங்கள். எட்டு ஒயின், ஒவ்வொன்றும் 3 சென்டிலிட்டர் என்றால் மொத்தம் 240 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 25 கிராம் ஆல்கஹால். பிரான்ஸில் ஒரு கோப்பைக்கு 10 கிராம் என்று கணக்கு, ஒவ்வொரு கோப்பையும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.20 முதல் 0.25 கிராம் ஏற்றும். ஆக, முதல் நிலவறையை விட்டு வெளியே வரும்போதே 0.5 கிராம் சட்ட வரம்பை எட்டியோ தாண்டியோ இருப்பீர்கள். இறங்குவதோ மணிக்கு 0.10 முதல் 0.15 கிராம்தான், காபி குடித்தாலும் வேகம் கூடாது. புது ஓட்டுநர்களுக்கு வரம்பு 0.2 கிராம்தான். மிதிவண்டிக்கும் 0.5 வரம்பு பொருந்தும். அதனால்தான் ‘க்ராஷுவார்’ என்ற துப்பும் பாத்திரம் மேசைமேல் இருக்கிறது. தேர்ந்தவர்கள் எல்லாரும் துப்புவார்கள். வாய் முழுக்கச் சுழற்றி, உதட்டைக் குவித்து, ஒரே கோடாக. குளியலறையில் தண்ணீரை வைத்து இரண்டு நாள் பழகிவிட்டுப் போங்கள், சட்டை தப்பும்.

கார் எடுப்பதாக இருந்தால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கியர் தானாக மாறும் வண்டி வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கைக் கியர்தான் தருவார்கள். ஆனால் ஒயின் நாட்களுக்குக் கார் தேவையில்லை. போனிலிருந்து பொம்மார், வொல்னே, மெர்சோ, புலின்யி வழியாக சாந்தனே வரை 22 கிலோமீட்டருக்குத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மிதிவண்டிப் பாதை போகிறது. ஞாயிறுக்கு அதுவே போதும்.

லேபிளில் பெரிய பெயரைப் பார்த்து மயங்குவது

பர்கண்டி லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது. சிவப்பென்றால் பினோ நுவார், வெள்ளையென்றால் ஷார்தொனே என்று எடுத்துக்கொள்ளலாம், அலிகோத்தே போல் விலக்கு கொஞ்சம் உண்டு. இருப்பது மண்ணின் பெயர். ஷாம்பெர்தான் என்பது உச்ச தரமான கிரான் க்ரூ தோட்டம். அது இருக்கும் ஊர் ஜெவ்ரே. 1847இல் அந்த ஊர், புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டவைத்து ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஆயிற்று. புலின்யி ஊரும் 1879இல் மோன்ராஷே தோட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே ‘ஜெவ்ரே-ஷாம்பெர்தான்’ என்று மட்டும் இருந்தால் அது ஊர் ஒயின். ‘ஷாம்பெர்தான்’ என்று தனியாக, ‘கிரான் க்ரூ’ என்ற சொல்லோடு இருந்தால்தான் அந்தத் தோட்டம். விலை வித்தியாசம் பத்துகளுக்கும் நூறுகளுக்கும் உள்ளது.

தோட்டத்தின் பெயரும் முழு உத்தரவாதம் இல்லை. க்ளோ து வூஜோ சுமார் 50 ஹெக்டேர், அதைப் பங்கு போட்டிருப்பவர்கள் 80 பேர் அளவில். ஒரே மதில், ஒரே பெயர், எண்பது கைப்பக்குவம். தயாரிப்பாளர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கையைக் கடிக்காமல் நல்லது குடிக்க வேண்டுமென்றால் மெர்க்யூரே, ழிவ்ரி, சாந்த்-ஓபன், மார்சனே என்று தேடுங்கள். பெருமை குறைவு, ருசி குறைவில்லை.

முட்டைதானே என்று சைவர் நம்புவது

‘ஓஃப் ஆன் மெரெத்’ என்பது சிவப்பொயின் குழம்பில் மிதக்கும் அவித்த முட்டை. பர்கண்டியின் பெருமை. முட்டை சாப்பிடும் சைவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். குழம்பில் ‘லார்தோன்’ எனும் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும், அடிநீர் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்தது. லியோன் சாலட்டிலும் அதே லார்தோன். மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் கேட்க வேண்டிய சொல் ‘ஃபோன் து வோ’, கன்றுக்குட்டி எலும்புச் சாறு. கோழி, மீன் குழம்புகளிலும் சில சமையலறைகள் சேர்க்கும். கெனெல் பார்க்க மாவுக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், உள்ளே ஆற்று மீன். ஆந்துயெத் பன்றிக் குடல் தொத்திறைச்சி. பெயர் அழகாக இருக்கிறதே என்று வரவழைத்துவிட்டால் வாசனை முதலில் வந்து சேரும்.

தலைகீழாக ஏமாற்றும் உணவும் ஒன்று உண்டு. ‘செர்வெல் து கனூ’ என்றால் பட்டு நெசவாளியின் மூளை என்று பொருள். தட்டில் வருவது புதுப் பாலாடையில் பூண்டும் பச்சிலைகளும் கலந்த தொடுகறி; நம் தயிர்ப்பச்சடிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பாலாடைக்கட்டி சேர்த்து அடுப்பில் சுட்ட குழேர், பாலாடை அடைத்த ரவியோல், உருளைக்கிழங்கு க்ராத்தன் ஆகியவையும் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். கறாரானவர்கள் கவனிக்க: கோன்தே, எபுவாஸ் போன்ற பாலாடைக்கட்டிகளுக்குப் பாலைத் திரிய வைக்கப் பயன்படுவது கன்றின் இரைப்பைச் சாறு.

‘நான் சைவம்’ என்று சொல்வதைவிட ‘ஜு ந மான்ஜ் நி வியாந்த், நி புவாஸோன், நி லார்தோன்’ என்று அடுக்கிச் சொல்வது பலிக்கும்: இறைச்சி, மீன், லார்தோன் மூன்றும் சாப்பிடமாட்டேன். மேசை பதியும்போதே சொல்லிவிட்டால் சமையல்காரர் ஏதாவது யோசித்து வைப்பார். உட்கார்ந்தபின் சொன்னால் இலைச் சாலட்தான். எதைக் கேட்பதற்கு முன்பும் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள், இல்லையென்றால் முகம் சுளிப்பார்கள்.

உணவு அட்டையில் ‘ஆந்த்ரே’ என்பது முதல் பதார்த்தம். ‘மெனு’ என்பது நிர்ணய விலையில் இரண்டு மூன்று பதார்த்தம் சேர்ந்த சாப்பாடு. அட்டையின் பெயர் ‘கார்த்’. பேர்போன சமையல்காரரிடம் சாப்பிட ஆசையென்றால் மதியம் போங்கள், அதே சமையலறையின் மதிய மெனு இரவைவிட வெகு மலிவு. ‘யுன் கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டிலுக்குப் பில் வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம்.

கடைசி நாளில் பெட்டி கட்டுவது

இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். பாட்டில் 750 மில்லி. இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர், மூன்றாவது வைத்தால் 2.25. அந்தக் கால் லிட்டர் பொல்லாதது. தம்பதியாகப் போனால் நான்கு முழுப் பாட்டிலோடு, ஆளுக்கொரு 375 மில்லி அரைப் பாட்டில் கணக்குக்குள் அடங்கும். நிறைந்த பாட்டில் 1.2 முதல் 1.5 கிலோ, பெட்டியின் நடுவில், சுற்றிலும் துணி வைத்துப் படுக்கப் போடுங்கள். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி ‘தெதாக்ஸ்’ படிவம் கேளுங்கள், மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பங்கு திரும்பும். விமான நிலையத்தில் அதைச் சுங்கத்துறையின் ‘பாப்லோ’ இயந்திரத்தில் காட்டிய பிறகே பெட்டியை ஒப்படைக்க வேண்டும்.

டிஜோன் கடுகு வாங்குபவர்களுக்கு: அந்தப் பெயர் செய்முறையைத்தான் குறிக்கும், ஊரை அல்ல. விதை பெரும்பாலும் கனடாவிலிருந்து வருவது. உள்ளூர் விதையும் உள்ளூர் வெள்ளை ஒயினும் சேர்ந்தது வேண்டுமென்றால் ‘முத்தார்த் து பூர்கோன்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். போன் நகரத்தில் 1840இல் தொடங்கிய ஃபல்லோ ஆலையில் கல்லில் அரைப்பதையே பார்த்து வாங்கலாம். வாங்கிய புட்டியைக் கைப்பையில் போட்டுவிடாதீர்கள். விமான நிலையச் சோதனையில் கடுகு விழுதும் திரவக் கணக்குதான். 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி அங்கேயே குப்பைத் தொட்டிக்குப் போகும், பழுத்து வழியும் எபுவாஸும் கூடவே.