கூட்டத்தில ஒருத்தரும் வாய் திறக்கேல்லையோ? முதல்ல உங்கட முகத்தைப் பாருங்கோ

எங்கட விளையாட்டுக் கழகக் கூட்டம் முடியேக்க "ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ" எண்டு கேப்பன், ஒருத்தரும் மூச்சு விடமாட்டினம், சரி எல்லாருக்கும் சம்மதம்தானே எண்டு நானும் வீட்ட வந்திடுவன், பிறகு பாத்தா படலையடியில நிண்டு அரை மணித்தியாலம் கதைப்பினம்.

போன வருசம் கரப்பந்தாட்டப் போட்டிக்கு ஜெனரேற்றர் வரேல்ல. முற்பணம் குடுக்க மறந்த பெடியனுக்கு ரெண்டு நாளா விசயம் தெரியும், ஆனா சொல்லேல்ல. ஏனடா எண்டு கேட்டா, "பந்தல் பிழைச்ச நேரம் அந்த அண்ணையை எல்லாருக்கும் முன்னால பேசினனீங்கள் எல்லோ" எண்டான். பேச்சு வாங்கினது அவன் இல்லை, பக்கத்தில நிண்டு பாத்தவன்!

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில பேராசிரியரா இருக்கிற எமி எட்மண்ட்சன் 90களில ஆஸ்பத்திரிகளில மருந்துப் பிழைகளை ஆராயேக்க, நல்ல ரீம்களிலதான் பிழை கூடப் பதிவாகியிருந்ததாம். அவை கூடப் பிழை விட்டதால இல்லையாம், ஒளிக்காமல் சொன்னதால. 1999 இல அவ ரீம்களின்ர உளவியல் பாதுகாப்பு, அதாவது வாய் திறந்து சொன்னா தலை போகாது எண்ட நம்பிக்கை, எண்டு எழுதினதும் இதைத்தான்.

நான் இப்ப செய்யிறதைச் சொல்லுறன். கேள்வியை மாத்திப்போட்டன், "ஏதும் இருக்கோ" இல்லை, "இது பிழைச்சா எதால பிழைக்கும்" எண்டு கேக்கிறன், அதுக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும், அதுதான் சரியான கஸ்டம். வயசில சின்ன ஆக்கள் முதல்ல கதைக்கட்டும், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருக்கா அபிப்பிராயம் சொல்லிப்போட்டார் எண்டா ஏ எல் படிக்கிற பெடியன் அதுக்கு மேல என்னத்தைச் சொல்லுறது? தலைவர் கடைசி. கூச்சப்படுறவைக்கு துண்டுக் கடதாசி குடுங்கோ, பேர் வேண்டாம்.

ஆராவது கெட்ட செய்தி கொண்டுவந்தா முதல் வசனம் "நல்லகாலம் இப்ப சொன்னாய், இனி என்ன செய்வம்" எண்டு இருக்கவேணும். விசாரணை பிறகு, தனிய. வட்ஸ்அப் குறூப்பில வைச்சு மட்டும் ஆரையும் ஏசிப்போடாதேங்கோ.

இதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்டச் சொல்லேல்ல, காசுக் கணக்கு காட்டாதவனை நான் இப்பவும் கேக்கிறனான்.

போன கிழமை ஒரு தங்கச்சி எழும்பி, "அண்ணை, நீங்கள் போட்ட திகதி நல்லூர்த் தேரெல்லோ, ஆர் வருவினம்?" எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டாள். என்ர முகம் கொஞ்சம் சுருங்கினதுதான். திகதியை மாத்திப்போட்டம்.