வேலைக்காரப் பாட்டியின் கதையைத் தேடும்போது எங்கே தவறுகிறோம்

இங்கிலாந்து வழி உறவு உள்ள குடும்பத்தில் முன்னோரைத் தேட உட்கார்ந்தால், விக்டோரியா காலத்தை எட்டியதுமே யாராவது ஒரு வேலைக்காரப் பெண் வந்து நிற்பாள். 1891 சென்சஸில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 13 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். இவ்வளவு பேர் இருந்தும் அவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் தப்பாக எழுதுகிறோம்.

முதல் தவறு, பெரிய மாளிகையைக் கற்பனை செய்துகொள்வது. டிவி தொடர்களில் இருபது பணியாட்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து நம் பாட்டியையும் அந்த வரிசையில் நிறுத்திவிடுகிறோம். நிஜத்தில் பெரும்பாலான பெண்கள் ஒன்றிரண்டு வேலையாட்கள் மட்டுமே இருந்த வீடுகளில், கடைக்காரர் வீட்டிலோ குமாஸ்தா வீட்டிலோதான் இருந்தார்கள். விடியும் முன்னே எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளி, இரும்பு அடுப்புக்குக் கருப்பு மெருகு தேய்த்து, நிலக்கரியும் வெந்நீரும் மாடிக்குச் சுமந்து, ராத்திரி கடைசிப் பாத்திரத்தைக் கழுவி வைக்கும்வரை எல்லாமே அவள் ஒருத்திதான், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. 1860களில் இந்த வேலைக்கு வருடச் சம்பளம் சுமார் 9 முதல் 14 பவுண்டு, தங்க இடமும் சாப்பாடும் உண்டு.

ஹன்னா கல்விக் என்ற பெண்மணியை இங்கே சொல்லியாக வேண்டும். 1833ல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர், எட்டு வயதிலேயே வேலைக்குப் போனவர். அன்றன்று துடைத்த பூட்ஸ் எத்தனை ஜோடி என்பதுவரை நாட்குறிப்பில் எழுதி வைத்தார், அவை இன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. 1873ல் ஆர்தர் மன்பி என்ற மேல்தட்டு மனிதரை ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டு, அதன் பிறகும் அவருடைய வீட்டில் வெளியாருக்கு வேலைக்காரியாகவே நடமாடினார். வெளியே தெரிந்த அடையாளத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, சென்சஸுக்கு வருவோம். அந்தப் படிவத்தை அவள் நிரப்பவில்லை, வீட்டு எஜமானர்தான் நிரப்பினார். அவளுடைய வயதும் பிறந்த ஊரும் அவருக்குத் தெரிந்த அளவுக்குத்தான் இருக்கும். கிராமத்தின் பெயர் தெரியாவிட்டால் பக்கத்து டவுன் பெயரை எழுதியிருப்பார். 1841 சென்சஸில் இன்னொரு சிக்கல்: பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அதனால் 19 வயதுப் பெண் அதில் 15 என்று இருப்பாள், 1851ல் 29 என்று வருவாள். பத்து வருடத்தில் பதினான்கு வயது கூடுமா என்று நினைத்து, சரியான ஆளையே "இவள் வேறு யாரோ" என்று தள்ளிவிடுகிறவர்கள் நிறைய.

சென்சஸ் என்பது பத்து வருடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு ராத்திரி அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். இரண்டு சென்சஸிலும் வேலைக்காரி என்று இருந்தால் நடுவில் ஒரே வீட்டில் இருந்தாள் என்று எழுதிவிடாதீர்கள். ஒன்றிரண்டு வருடத்தில் வீடு மாறுவது சாதாரணமாக நடந்தது. பெரிய வீடாக இருந்தாலும், அந்த ராத்திரி எஜமானர் குடும்பம் லண்டனுக்குப் போயிருந்தால் கிராமத்து வீட்டுக்கான சென்சஸ் தாளில் இரண்டு பேர்தான் தெரிவார்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'ஹவுஸ்கீப்பர்' என்று போட்டிருந்தால் உடனே சாவிக்கொத்து வைத்த தலைமைப் பணிப்பெண் என்று நினைக்காதீர்கள், மனைவியை இழந்த அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொண்ட தங்கையையும் அப்படித்தான் எழுதினார்கள். மாளிகைகளில் நிஜமான ஹவுஸ்கீப்பரையும் சமையல்காரியையும் 'மிஸஸ்' என்று கூப்பிடுவது மரியாதை, அதனால் இல்லாத கணவரைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். திருமணப் பதிவில் மணப்பெண்ணின் தொழில் கட்டத்தில் வெறும் கோடு இருந்தாலும் அவள் சும்மா இருந்தாள் என்று அர்த்தமில்லை, பத்து வருடம் உழைத்தவளுக்கும் அந்தக் கோடுதான்.

இந்தியாவிலிருந்து ஆங்கிலேயக் குடும்பங்களோடு கப்பலேறிப் போன ஆயாக்களைத் தேடுகிறவர்கள் சொந்தப் பெயரை வைத்து மட்டும் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பயணிகள் பட்டியலில் இன்னாருடைய ஆயா என்று மட்டுமே இருக்கும், ஆகவே எஜமானர் குடும்பப் பெயரில் தேடுங்கள். கைவிடப்பட்ட ஆயாக்கள் தங்கிய இல்லம் லண்டனில் இருந்தது, 1900ல் அது லண்டனிலேயே ஹாக்னி என்ற பகுதிக்கு மாறியது.

அப்புறம், எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லையென்றால் "பிரபு வீட்டுப் பிள்ளை" என்று குடும்பத்தில் ஒரு கதை கட்டிவிடுகிறார்கள். எஜமானர்கள் கெடுத்த பெண்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனவன் பல நேரம் அவளைப் போன்ற இன்னொரு வேலையாளோ, படைவீரனோதான். ஆதாரம் இல்லாமல் பிரபுவைக் கொண்டுவந்து வைத்தால் அவள் நிஜமாகப் பட்ட பாடு மறைந்துபோகும். லண்டனில் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்று ஒன்று இருந்தது, பெயர்தான் ஹாஸ்பிடல், உண்மையில் குழந்தைகள் இல்லம்; அங்கே குழந்தையை ஒப்படைக்க வந்த பெண்களின் மனுக்களைப் படித்துப் பாருங்கள். அவர்களில் வீட்டு வேலைக்காரிகளே அதிகம். அவனை எங்கே சந்தித்தாய், கல்யாணம் செய்வதாகச் சொன்னானா, கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டு, அவள் சொன்ன பதிலை எழுதி வைத்திருக்கிறார்கள்.