காசு கொடுத்த கேம் யாருக்குச் சொந்தம்?

கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் பணம் கட்டப் போகும்போது கீழே சின்னதாக ஒரு வரி தெரியும்: நீங்கள் வாங்குவது லைசென்ஸைத்தான் என்று. அது 2024 அக்டோபரில் முளைத்தது. லைசென்ஸை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பட்டன் வைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியா சட்டம், 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அந்த வரியைப் படிக்காமல் தாண்டுவதுதான் முதல் தவறு. குத்தகை நிலம் மாதிரிதான் இதுவும். உழுதுகொள்ளலாம், விற்கவோ பிள்ளைக்கு எழுதிவைக்கவோ முடியாது.

"டிஸ்க் வாங்கிவிட்டேன், எனக்கென்ன" என்பவர்கள் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் 'தி க்ரூ' கதையைக் கேட்க வேண்டும். 2014 டிசம்பரில் வந்த கார் ரேஸ் கேம். தனியாக ஆடினாலும் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது டப்பா. அதோடு விடாமல், வாங்கியவர்களின் லைசென்ஸையும் பறித்தார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய அநியாயம். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் இதை வைத்துத்தான், விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அந்த இயக்கத்தின் மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. நின்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்ச் 2-க்கு வரும் 'கேம்-கீ கார்டு' டப்பாக்களிலும் கவனம் தேவை. கார்டுக்குள் கேம் இருக்காது, டவுன்லோட் செய்தாக வேண்டும்.

கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர், அதாவது இணையம் இல்லாமலே கேமை நிறுவும் ஃபைல், கிடைக்கும். சட்டப்படி அதுவும் லைசென்ஸ்தான், ஆனால் ஃபைல் உங்கள் கையில். அங்கே வாங்கிவிட்டு இன்ஸ்டாலரை இறக்கி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைக்காதவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். பிறகு அங்கே வாங்கி என்ன பயன்?

மலிவாகக் கிடைக்கிறதென்று அடுத்தவர் அக்கவுண்டை விலைக்கு வாங்காதீர்கள். அது விதிமீறல், முடக்கினால் எல்லா கேமும் ஒரே நாளில் போய்விடும்.

வாங்குமுன் ஸ்டீம் பக்கத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் அக்கவுண்ட் வேண்டும், டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு) உண்டு என்றெல்லாம் அங்கேதான் போட்டிருப்பார்கள். வாங்கிய அன்றே கேமை ஒருமுறை திறந்து மூடி, ஸ்டீமை ஆஃப்லைன் மோடுக்கு மாற்றி, வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் யோசிக்க நேரம் இருக்கிறது: 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும்.