ராத்திரியில் அரிக்கிறதா? விரல் இடுக்கைப் பாருங்கள்

உடம்பு அரித்தால் சூடு, வேர்க்குரு, கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கித் தேய்த்துவிடுகிறோம். அரிப்பது சிரங்காக, அதாவது தோலுக்குள் குடையும் ஒரு குட்டிப் பூச்சியால் வரும், டாக்டர்கள் ஸ்கேபிஸ் என்று சொல்வதாக இருந்தால், இது பெரிய தப்பு. அந்த ட்யூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும்; அரிப்பு கொஞ்சம் அடங்கும், தடிப்பின் உருவமே மாறிப் பார்த்தாலும் அடையாளம் தெரியாது, பூச்சியோ உள்ளே பெருகிக்கொண்டே இருக்கும்.

முதலில் இரண்டு விஷயம் கவனியுங்கள். படுத்ததும் அரிப்பு கூடுகிறதா? வீட்டில் இன்னொருவரும் சொறிகிறாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், தொப்புள், இடுப்பு, பிறப்புறுப்பு இங்கெல்லாம் பாருங்கள். சின்னச் சின்னப் பருக்கள் இருக்கும், சில இடத்தில் பென்சிலால் கிறுக்கியது போல வளைந்த மெல்லிய கோடு தெரியும். அதுதான் பூச்சி குடைந்த வழி. கோடு தெரியாவிட்டாலும் சிரங்காக இருக்கலாம். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண்பூச்சி தோலுக்குள் குடைந்து தினமும் இரண்டு மூன்று முட்டை இடுகிறது. அதற்கும் அதன் கழிவுக்கும் உடம்பு காட்டும் அலர்ஜிதான் அரிப்பு. முதல்முறை தொற்றியவருக்கு அந்த அலர்ஜி வர நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகும், ஆனால் அதற்குள்ளேயே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவிவிடும். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் மறுபடி மறுபடி வருவது இதனால்தான். அரிப்பே இல்லாத அப்பா, பாட்டி உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் போட வேண்டும்.

டாக்டர் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம் எழுதுவார். கழுத்திலிருந்து கால்விரல் வரை, நகத்தடி, விரல் இடுக்கு எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளியுங்கள். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் போட வேண்டாம்.

கடைசி மூன்று நாள் உடுத்திய துணி, போர்வை, துண்டு எல்லாவற்றையும் நல்ல சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

அப்புறமும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசாதீர்கள், தோல் வெந்துபோகும். ஒரு மாதம் தாண்டியும் புதுப் பருக்கள் வந்தால் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

தினமும் இரண்டு வேளை குளிப்பவருக்கும் இது வரும், அதனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், பக்கத்தில் படுத்தவர்களுக்கும் சொல்லுங்கள். சொறிந்து சீழ் வைத்த பிள்ளைக்கு முகம் வீங்கினாலோ, சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ அந்தச் சீழ் வைத்ததன் பாதிப்பு சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.