செட்டிநாட்டிலிருந்து ஜெர்மனிக்கு: உங்கள் சான்றிதழை அங்கே எப்படிப் படிக்கிறார்கள்

கோட்டையூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதினோரு வருடமாக எனக்கு ஜெர்மனியில் வேலை. ஊருக்கு வந்து மூன்று நாள் ஆவதற்குள் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் ஃபைலும் கையுமாக வந்துவிடுவார். போன வாரம் வந்தவர் பள்ளத்தூர்த் தம்பி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறார். அவருடைய அக்கா நர்ஸ். ஜெர்மனி போய் ஆறு வாரம்தான் ஆகிறது. இருவருக்கும் ஒரே கேள்வி: “அண்ணே, நம்ம சர்டிபிகேட் அங்கே செல்லுமா?”

நானும் வந்த புதிதில் இதையேதான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். ரூபாய் நோட்டைப் போலச் செல்லும், செல்லாது என்று ஒரு வார்த்தையில் பதில் கிடைக்காது. நம் காகிதத்தைப் பார்க்கிற அதிகாரி மூன்று விஷயங்களைத் தேடுகிறார். இதைப் படித்தவருக்கு என்ன செய்யத் தெரியும்? எந்த அளவுக்குத் தெரியும்? அதற்கு உறுதி கொடுத்தது யார்? இந்த மூன்றுக்கும் நம் ஃபைலில் பதில் இருக்க வேண்டும்.

அவர்கள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. நம் ஊர்க் கதை ஒன்றை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், செட்டியார் கடைகளில் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்வார்கள். தேறினால் அடுத்தாள், அதற்கும் மேலே போனால் மேலாள். “அடுத்தாளாக இருந்தவன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவனுக்குப் பேரேடு எழுதத் தெரியும், வட்டி கணக்குப் போடத் தெரியும், மேலாள் இல்லாத நாளில் கடையைப் பார்த்துக்கொள்வான் என்று எந்தத் துறைமுகத்துக் கிட்டங்கியிலும் (செட்டியார்களின் கடைக் கட்டடம்) புரிந்துகொள்வார்கள். தொழில் முழுவதும் ஒரே சமூகத்துக்குள் இருந்ததால் தனியாகக் காகிதம் தேவைப்படவில்லை.

ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பொதுப் பேச்சு கிடையாது. போலந்தில் ஒரு படிப்புக்கு ஒரு பெயர், போர்ச்சுகலில் வேறு பெயர், ஜெர்மனியில் இன்னொன்று. ஒருவர் படித்தது இன்னொருவருக்குப் புரிவதற்காக 2008-ல் ஈ.க்யூ.எஃப். என்ற ஐரோப்பியத் தகுதிச் சட்டகத்தைக் கொண்டுவந்தார்கள். 2017 மே 22 அன்று அதைத் திருத்தி விரிவாக்கும் பரிந்துரை வந்தது. மொத்தம் 8 நிலைகள். இளநிலைப் பட்டம் 6, முதுநிலை 7, முனைவர் பட்டம் 8. எத்தனை வருடம் வகுப்பில் உட்கார்ந்தீர்கள் என்பதை வைத்து நிலை வருவதில்லை. முடித்தவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய வரும், எவ்வளவு பொறுப்பைத் தனியாக ஏற்க முடியும் என்பதை வைத்துத்தான் வருகிறது. ஜெர்மனியில் மைஸ்டர் என்ற தொழில்வித்தகர் தகுதி, இளநிலைப் பட்டத்தோடு ஒன்றாக 6-ஆம் நிலையில் இருக்கிறது. பட்டறையில் தேறியவரைக் கல்லூரியில் தேறியவருக்குச் சமமாக உட்காரவைத்த இந்த முடிவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்த 2017 பரிந்துரையின் பின்னிணைப்பு ஒன்றை வெளிநாடு போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு தகுதியைப் பற்றி இணையத்தில் வெளியிடும்போது எந்தெந்த விவரங்கள் இருக்க வேண்டும் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள்: தகுதியின் பெயர், துறை, நாடு, நிலை, முடித்தவருக்கு என்னென்ன வரும் என்ற விவரம், வழங்கும் அமைப்பு. கிரெடிட் எவ்வளவு, தரம் எப்படி உறுதி செய்யப்படுகிறது போன்றவை கூடுதல் விவரங்கள். எல்லா நாடுகளும் ஒரே வடிவில் வெளியிட்டால் ஒரே இடத்தில் தேடி ஒப்பிடலாம் என்பதுதான் எண்ணம். அந்த இடம் யூரோபாஸ் என்ற இணையதளம். 2018-ல் வந்த முடிவின்படி அதைப் புதிதாகக் கட்டி, 2020 ஜூலை 1-ல் திறந்தார்கள். தகுதிகளோடு படிப்பு வாய்ப்புகளையும் அங்கே தேடலாம். பின்னால் ஓடுகிற தரவு வடிவத்துக்கு ஐரோப்பியக் கற்றல் மாதிரி என்று பெயர். மின்னணுச் சான்றிதழ்களும் அதே வடிவத்தில்தான் வருகின்றன.

யூரோபாஸில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கல்வி அந்தந்த நாட்டின் கையில் இருக்கிறது. நாடுகளின் கல்விச் சட்டங்களை ஒன்றுபோல ஆக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமே இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் ஈ.க்யூ.எஃப். சட்டமாக இல்லாமல் பரிந்துரையாக இருக்கிறது. ஒரு நாடு நிறைய வெளியிடும், இன்னொன்று கொஞ்சம் வெளியிடும். நீங்கள் தேடும் படிப்பு யூரோபாஸில் வராவிட்டால், அப்படி ஒரு படிப்பே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்த நாட்டின் சொந்தத் தளத்தையும் பாருங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு ஹோக்ஷூல்கொம்பாஸ் என்ற தளம் இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தியாவிலும் 2013 முதல் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் இருக்கிறது. முதலில் 10 நிலைகள், 2023-ல் 8 ஆக்கினார்கள். எண்ணிக்கை ஒன்றாகிவிட்டதால் நம்முடைய 4-ம் அவர்களுடைய 4-ம் ஒன்று என்று சில ஏஜென்சிகள் சொல்கிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஈ.க்யூ.எஃப்.பில் இந்தியா இல்லை. இந்திய எண் தானாக ஐரோப்பிய எண்ணாக மாறாது. உங்கள் படிப்பைத் தனியாக எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, யாருக்கு என்ன வேலை?

தம்பியின் அக்காவிலிருந்து ஆரம்பிக்கிறேன், அவருக்குத்தான் அவசரம். நர்ஸ் வேலை ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். அங்கீகாரம் இல்லாமல் முழு நர்ஸாக வேலை பார்க்க முடியாது. முடிவெடுப்பது அந்தந்த மாநில அலுவலகம். ஜெர்மனியில் 16 மாநிலங்கள். பொது நர்ஸ் படிப்புக்கு ஐரோப்பிய அளவுகோல் குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்காவது பாடம், பாதியாவது மருத்துவமனைப் பயிற்சி. அதனால் உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் மதிப்பெண் மட்டும் இருந்தால் பிரயோசனம் குறைவு. எந்தப் பாடம் எத்தனை மணி, எந்த வார்டில் எத்தனை மணி என்று இருக்க வேண்டும். பி.எஸ்சி. என்றாலும் ஜி.என்.எம். என்றாலும் இதைக் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவையும் சேர்த்து வையுங்கள். குறை இருந்தால் என்னென்ன குறை என்று எழுத்தில் கொடுப்பார்கள். அதைப் பார்த்து மனம் உடைந்துவிடாதே, தங்கச்சி. அங்கே போகிற பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடிதம் வரும். இணக்கப் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடித்தால் வழி திறக்கும். ஜெர்மன் மொழியில் பி2 வரை (ஆறு படிகளில் நான்காவது) போக வேண்டியிருக்கும், அதை இன்றைக்கே ஆரம்பி.

ஃபிட்டர் தம்பியின் வேலை ஒழுங்குபடுத்தப்பட்டதல்ல. ஆனாலும் விசாவுக்கும் சம்பளத்துக்கும் அங்கீகாரம் உதவும். ஜெர்மனியில் 2012 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுத் தொழில் தகுதியைச் சரிபார்க்கக் கேட்பது சட்டப்படி உரிமை. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழிற்சாலை வேலைகளுக்கு நூரன்பெர்க்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா என்ற அலுவலகம் பார்க்கும். உங்கள் 2 வருட ஐ.டி.ஐ.யை மூன்றரை வருட ஜெர்மன் தொழிற்பயிற்சி ஒன்றின் பாடத்தோடு வைத்து ஒப்பிடுவார்கள். வருடம் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், அனுபவத்தையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் “நான்கு வருடம் வேலை பார்த்தார், நன்னடத்தை உள்ளவர்” என்று ஒரு வரி அனுபவக் கடிதம் போதாது. லேத் ஓட்டினாரா, பம்ப்பைப் பிரித்துப் பூட்டினாரா, வரைபடத்தைப் பார்த்துத் தனியாக வேலை முடித்தாரா, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று முதலாளியிடம் எழுதி வாங்குங்கள். பள்ளத்தூர்த் தம்பியை உடனே கோயம்புத்தூர் பஸ் ஏறச் சொன்னேன். பாதி அங்கீகாரம் கிடைத்தாலும் மீதியைப் பயிற்சி எடுத்து நிரப்பலாம். 2024 மார்ச் முதல் அங்கீகாரக் கூட்டாண்மை என்று ஒரு வழி இருக்கிறது. 2 வருடத் தகுதியும் ஏ2 (இரண்டாவது படி) ஜெர்மனும் இருந்தால், அங்கே வேலை பார்த்துக்கொண்டே அங்கீகார வேலையை முடிக்கலாம்.

இஞ்சினியர்களும் பட்டதாரிகளும், வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்று காட்டும் அனாபின் தரவுத்தளத்தைப் பாருங்கள். அதில் பட்டம் கொடுத்த நிறுவனம், பட்டத்தின் வகை, இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். நிறுவனத்துக்கு எச் பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது என்ற குறி) இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் வரும். 1952-ல் வள்ளல் அழகப்பர் தொடங்கிய பொறியியல் கல்லூரியில் படித்தவர்களில், சிலருடைய பட்டத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்றிருக்கும், பிறகு படித்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் என்றிருக்கும். கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டு “நம்ம காலேஜ் இல்லை” என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பட்டத்தில் கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள்.

காகிதமே இல்லாதவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி டைல் செய்கிற கைகள் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தவை. அதற்கு எந்த மார்க்‌ஷீட்டும் இல்லை. இப்படிப் பள்ளிக்கு வெளியே கற்றதையும் மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012 டிசம்பரிலேயே உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. ஜெர்மனி 2025 ஜனவரியிலிருந்து, சான்றிதழ் இல்லாமல் தொழிலில் பழுத்தவர்களுக்கு மதிப்பீட்டு உரிமையைச் சட்டமாக்கியது. 25 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சிக் காலத்தைப் போல ஒன்றரை மடங்கு காலம் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் செய்த வேலைகளைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். யாருக்குச் செய்தோம் என்று எழுதியும் வையுங்கள்.

பெயர் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் எனக்கு எட்டு மாதம் போனது அதனால்தான். நம் பக்கத்தில் இனிஷியல் என்பது வீட்டின் விலாசம். இரண்டு மூன்று எழுத்துகளில் பாட்டனார் வரை வந்துவிடும். டிகிரியில் எனக்கு மூன்று எழுத்தும் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பச்சியின் (அப்பாவின்) பெயர் விரிவாகக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு எழுத்து. மூன்றும் மூன்று ஆட்கள் என்று ஒரு அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. மின்னணுச் சான்றிதழ் வந்தாலும் இது தீராது. அதிலும் உங்கள் பெயர் மற்றக் காகிதங்களோடு பொருந்த வேண்டும். கிளம்புவதற்கு முன்பே எல்லாக் காகிதத்தையும் வரிசையாக வைத்துப் பெயரைச் சரிபாருங்கள். வேறுபாடு இருந்தால் எல்லா வடிவமும் ஒரே ஆளைக் குறிக்கிறது என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எடுத்து, மொழிபெயர்ப்போடு சேர்த்து வையுங்கள்.

ஏற்கெனவே போய் இறங்கிவிட்டவர்கள், ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ அதிகாரக் கடிதம் ஒன்றை உங்கள் கையெழுத்தோடு, பாஸ்போர்ட் நகலையும் வைத்து அனுப்பிவிடுங்கள். கல்லூரி அலுவலகத்தில் நீங்கள் படித்த ஆண்டின் சிலபஸைக் கேட்கச் சொல்லுங்கள். இப்போது நடக்கிற சிலபஸைக் கொடுத்துவிடுவார்கள், ஆண்டைச் சொல்லி வற்புறுத்த வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தேர்வு நேரத்தில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அது முடிந்த மறுவாரம் காலையில் போனால் வேலை நடக்கும்.