அம்மாவின் ரோல்ஸைத் தொழிலாக்கிய கணக்கு: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தொடங்க நினைக்கும் இளையவர்களுக்கு

2009இல் நாங்கள் கனடா வந்தபோது எனக்கு 16 வயது. வந்த சில மாதங்களிலேயே வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. அம்மா உறையைக் கிழித்து என்னிடம் நீட்டுவார். நான் வாசித்துச் சொல்வேன். வாடகை ஒப்பந்தம், வங்கிப் படிவம், வரிக் கடிதம் எதுவும் தப்பாது. வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத வேலை எனக்கு மட்டும் ஏன் என்று அழுத நாட்களும் உண்டு. 21 வயதில் அம்மாவின் ஆட்டிறைச்சி ரோல்ஸை விற்க இறங்கியபோதுதான் அந்த ஐந்து வருடங்கள் எனக்கு என்ன தந்தன என்று விளங்கியது. நீங்களும் வீட்டின் கடிதங்களை வாசித்துக் கொடுத்த பிள்ளை என்றால், தொழிலில் பலர் தடுமாறுகிற பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். அதை நம்பித் தொடங்குங்கள்.

முதலில் ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள். அம்மாவுக்கு இடியப்பம், பற்றிஸ், வடை, கொத்து எல்லாம் கைவந்தது. எல்லாவற்றையும் விற்கலாம் என்றுதான் சொந்தக்காரர் சொன்னார்கள். நாங்கள் ரோல்ஸில் மட்டும் நின்றோம். ஒரு பொருள் என்றால் வாங்கும் சாமான் குறைவு, வீணாவது குறைவு, கணக்கும் தெளிவு. பிறந்தநாள், சாமத்திய வீடு என்று முதல் ஓடர்கள் தெரிந்தவர்களிடமிருந்தே வரும்.

விலை வைப்பதில்தான் நான் அதிகம் இழந்தேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2014 இலையுதிர் காலத்தில் ஒரு ரோல்ஸ் 1 டொலர் என்று 200 ரோல்ஸ் கொடுத்தோம். கையில் 200 டொலர் வந்ததும் அம்மாவுக்குச் சந்தோஷம். இரவு ரசீதுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். இறைச்சி, உருளைக்கிழங்கு, மா, முட்டை, பாண் தூள், எண்ணெய், பெட்டி எல்லாம் சேர்த்து 118 டொலர். வாடகைச் சமையலறை நான்கு மணி நேரத்துக்கு 72 டொலர். மிச்சம் 10 டொலர். சாமான் வாங்கியது, சுற்றியது, பொரித்தது, கொண்டுபோய்க் கொடுத்தது என்று நானும் அம்மாவும் ஆளுக்கு ஆறு மணி நேரம் உழைத்திருந்தோம். பன்னிரண்டு மணி நேர உழைப்புக்குப் பத்து டொலர்! அப்போது எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளமே மணிக்கு 11 டொலர். அடுத்த கிழமை விலையை 1.75 ஆக்கினோம். சிலர் முகம் சுளித்தார்கள், இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் வாங்கினார்கள். சொந்த வீட்டு ஆட்களின் நேரத்தையும் செலவில் எழுதுங்கள். எங்கள் ஆட்கள் இதைத்தான் எழுதுவதில்லை.

வாடகைச் சமையலறை எதற்கு, வீட்டிலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். இறைச்சி சேர்ந்த உணவைச் சாதாரண வீட்டுக் குசினியில் செய்து விற்க முடியாது. கேக், பிஸ்கட், ஊறுகாய், ஜாம் போல குளிரூட்டல் தேவைப்படாத, ஆபத்துக் குறைந்த உணவுகளுக்கு ஒன்ராறியோ 2020 முதல் சில விலக்குகள் கொடுத்திருக்கிறது. அப்போதும் தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும், அவர்கள் வந்து பார்ப்பார்கள். உணவு கையாள்வோர் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். ரொறன்ரோவில் பரீட்சையில் 70 வீதம் எடுத்தால் போதும், ஐந்து வருடம் செல்லும். சூடான உணவு 60 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிரூட்டியது 4 பாகைக்கு மேலே ஏறக்கூடாது. ஒரு வெப்பமானி வாங்கி, ஒவ்வொரு ஓடருக்கும் அளந்து கொப்பியில் எழுதுங்கள்.

பதிவு பெரிய காரியம் இல்லை. தனியாள் தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தால் ஒன்ராறியோவில் இணையத்தில் பதியலாம்; 60 டொலர், ஐந்து வருடத்துக்கு. உங்கள் முழுச் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் அதுவும் வேண்டாம். ஆனால் தனியாள் தொழிலின் கடன் உங்கள் கடன் என்பதை மறக்கவேண்டாம். பதிந்த அன்றே தனி வங்கிக் கணக்கு திறவுங்கள்.

வரியில் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரிக்குப் பதிவதற்கான 30,000 டொலர் எல்லை விற்பனையைப் பார்ப்பது, இலாபத்தை இல்லை. தொடர்ந்து நான்கு காலாண்டுகளின் விற்பனையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். அப்புறம், சுயதொழில் செய்பவர் வருமான வரிப் படிவம் அனுப்ப ஜூன் 15 வரை நேரம் உண்டு. கட்டவேண்டிய காசுக்கு ஏப்ரல் 30தான் கடைசி நாள். நான் முதல் வருடம் ஜூன் என்று நினைத்திருந்து வட்டி கட்டினேன்.

தெரிந்தவர்களுக்குக் கடன் கொடுக்காதீர்கள். ஓடர் எடுக்கும்போதே பாதிக் காசு வாங்கவேண்டும். எங்களோடு ஒரே மாடியில் இருந்த ஒரு மாமியிடம் வாய் கூசிக் கேட்காமல் விட்டு, 300 டொலரையும் இழந்தேன், அந்த வீட்டோடு இருந்த பேச்சுவார்த்தையையும் இழந்தேன். முதலுக்கு அம்மா சீட்டு எடுத்துத் தந்தார். அது நல்ல காசுதான், ஆனால் சீட்டுக் கட்டிய ஒழுங்கு எந்த வங்கிக்கும் தெரியாது. அதனால் ஒரு கடனட்டை எடுத்து, சாமான் வாங்கி, மாதாமாதம் முழுவதும் கட்டி உங்கள் பெயரில் ஒரு கடன் வரலாறு உண்டாக்குங்கள். 18 முதல் 39 வயதுவரை உள்ள குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் பியூச்சர்பிரெனர் கனடா என்ற அமைப்பு கடனோடு இரண்டு வருடத்துக்கு ஒரு வழிகாட்டியையும் தருகிறது. காசைவிட வழிகாட்டி பெறுமதி.

வருமானம் நிலைத்ததும் அம்மாவுக்குச் சம்பளம் எழுதினேன். அதற்கு வருமான வரித்துறையில் சம்பளக் கணக்கு ஒன்று திறந்து, பிடித்தங்களை ஒழுங்காகக் கட்டவேண்டும். பெப்ரவரி முடியுமுன், வருடச் சம்பளத்தைக் காட்டும் அவருடைய ரி4 படிவத்தை உறையில் வைத்துக் கொடுத்தேன். வழக்கம்போல என்னிடம் நீட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 14ஆம் பெட்டியில் இருந்த சம்பளத் தொகையை விரலால் தொட்டுத் தானே வாசித்தார்.